படகின் மூக்கில் எழுதிய கடவுச்சொல்

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் என் கை போனை விட்டு விலகாது. திரையில் நீலத்தின் நடுவே ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். அவர் ஓட்டும் விசைப்படகு அது. புள்ளி நகர்ந்தால் எனக்கு மூச்சு சீராக வரும். அணைந்தால் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவேன். அது அடிக்கடி அணையும், ஏனென்றால் அவரே அணைப்பார். ஏன் அணைக்கிறார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தேன்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளில் டிரான்ஸ்பாண்டர் என்று ஒரு பெட்டி பொருத்தியிருக்கிறார்கள். படகு இருக்கும் இடத்தை அது கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நல்ல விஷயம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை அதைப் பார்க்க எங்கள் படகின் ஓனர் போட்டுக்கொண்ட செயலியில். துறைமுகத்தில் பாதிப் பேர் அந்தச் செயலியைத்தான் வைத்திருக்கிறார்கள். அதற்குள் நுழையப் படகு எண்ணே பயனர் பெயர், படகு எண்ணே கடவுச்சொல். படகு எண் எங்கே இருக்கிறது? படகின் மூக்கில், ஆள் உயரத்துக்கு, வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கிறது. காக்காய்கூடப் படித்துவிட்டுப் போகும்.

நான் தண்டையார்பேட்டையில் போன், லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கதவில் பெங்குயின் ஸ்டிக்கர், அது லினக்ஸின் சின்னம். ஆபீஸ்களில் தூக்கிப்போடும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். மாதம் ஒரு ஞாயிறு கொருக்குப்பேட்டையில் ஒரு டியூஷன் மாடியில் கூட்டம் போட்டு, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன, கடவுச்சொல்லை எப்படி வைப்பது என்று தொண்டை கிழியக் கத்துவேன். கேட்பவர்கள் பாதி, பக்கோடாவுக்கு வருபவர்கள் பாதி. அப்படிப்பட்டவள் இந்தக் கூத்தைப் பார்த்துச் சும்மா இருப்பேனா? நேரே ஓனரிடம் போனேன்.

"நைனா, இந்தப் பாஸ்வேர்ட மொதல்ல மாத்துங்க. ஊரே உள்ள பூந்து பாத்துகினு கீது."

"மாத்திட்டா எவன் மே ஞாபகம் வச்சிக்கறது? உட்டுட்டு வேலையப் பாரு" என்றார்.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடியும் பதிவு செய்தார்கள். நிரலைத் திறந்து வைத்திருந்தால் நானே ஒரு மதியத்தில் திருத்தியிருப்பேன். மூடி வைத்துக்கொண்டு மூக்கில் சாவியை மாட்டி வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதில் என் வீட்டுக்காரருக்கு என்ன நஷ்டம்? கடலுக்கடியில் பாறை உள்ள இடத்தில் மீன் அண்டும். அப்படிப்பட்ட இடத்தை இங்கே பாயிண்ட் என்பார்கள். படகு ஓட்டுபவரை டிரைவர் என்போம். ஒவ்வொரு டிரைவரும் சில பாயிண்ட் வைத்திருப்பார். கட்டின பெண்டாட்டியிடம்கூட வாயைத் திறக்க மாட்டார். அந்த இடத்தில் படகு நின்றால் பச்சைப் புள்ளியும் அங்கேயே நிற்கும், கரையில் பீடி பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொரு டிரைவர் அதைத் தன் போனில் பார்த்துவிடுவார். அதனால் இவர் ஒரு வேலை செய்வார். துறைமுகத்திலிருந்து எல்லோரும் பார்க்கத் தென்கிழக்கே, கோவளம் பக்கமாக ஓட்டுவார். வெகுதூரம் போனதும் பெட்டியின் வயரைப் பிடுங்குவார். பிறகு படகைத் திருப்பிக்கொண்டு வேறெங்கோ போவார். திரும்பி வரும்போது பழைய இடத்துக்கு வந்து வயரைச் சொருகுவார். இவர் மட்டுமில்லை, பாதித் துறைமுகம் இதைத்தான் செய்கிறது. வெளியே தெரிந்தால் அதிகாரிகளிடம் பதில் சொல்லி மாளாது என்பதால் எவரும் மூச்சு விடுவதில்லை.

"யோவ், நீ அந்தாண்ட மாட்டிகினா இந்தாண்ட தேடிகினு இருப்பானுங்கய்யா" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"கடலுக்குப் போவசொல்ல இன்னா பேச்சு மே இது? வாயக் கழுவு" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை நான் சொன்ன வார்த்தையே என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு வேறொரு யோசனையும் இருந்தது. எல்லா டிரைவர்களும் தங்கள் பாயிண்ட்டுகளை ஒரே வரைபடத்தில் போட்டால் என்ன? எங்கே பாறை என்று தெரிந்தால் வலை கிழியாது. ஒருவர் மாட்டிக்கொண்டால் எங்கே தேடுவது என்று தெரியும். உலகம் முழுக்க மென்பொருளை அப்படித்தானே பகிர்கிறோம் என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உன் கடை கல்லாவ மொதல்ல ஊருக்குத் தொற. அப்பால நான் என் பாயிண்ட்ட தொறக்கறேன்."

பிறகு ஒருதரம் படகின் ஜி.பி.எஸ். மெஷினில் உப்புத்தண்ணீர் இறங்கி, அதில் சேர்த்து வைத்திருந்த பாயிண்ட் எல்லாம் போய்விட்டன. மனுஷன் சோறு இறங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நினைவிலிருந்து மீட்டபிறகு, முதல்முறையாக என்னிடம் உதவி கேட்டு வந்தார். நகல் எடுத்துக் கரையில் வைக்க வேண்டும், வேறு எவனும் திறக்கக் கூடாது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. லேப்டாப்பில் கட்டற்ற மென்பொருளால் ஒரு பூட்டுப் போட்டேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சில சொற்களைச் சேர்த்துக் கடவுச்சொல் வை, யாருக்கும் சொல்லாதே என்று பாடம் எடுத்தேன்.

"அப்போ அந்தாண்ட திரும்பு" என்றார்.

"எனக்குமாய்யா?"

"உனக்குத்தான் மே மொதல்ல. நீ எல்லாத்தியும் ஊருக்கு அள்ளிக் குடுக்கற பொம்பள."

சிரித்துக்கொண்டே திரும்பி நின்றேன். ஒரு விரலால் தட்டித் தட்டி எழுத்தெழுத்தாகப் போட்டார். சொன்னால் வெட்கம், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பாடத்தை ஒருத்தராவது ஒழுங்காகக் கேட்டாரே என்று.

போன மழைக்காலத்தின் ஆரம்பத்தில் கடல் கெடப்போகிறது, எல்லோரும் திரும்புங்கள் என்று எச்சரிக்கை வந்தது. காலையிலிருந்தே படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எண்ணூர்ப் பக்கம் வானம் கறுத்து, அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. இவர் படகு மட்டும் வரவில்லை. வயர்லெஸ்ஸில் பதிலில்லை. புள்ளி முந்தின நாளே அணைந்திருந்தது. கடையில் ஒரு போனைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே திருகாணியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். காற்றில் ஷட்டர் அடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் திடுக்கிட்டேன்.

மதியம் ஓனர் கடைக்கு வந்தார். அவர் பின்னால் படகிலிருந்தவர்களின் வீட்டுப் பெண்கள்.

"இன்னாமே, புள்ளியே காணோம்? கடைசியா கோவளம் நேரா காட்டுது. அங்கதான் தேடப் போறாங்களாம்."

"அங்க இருக்க மாட்டாரு நைனா."

"அப்போ எங்க?"

"தெரியாது."

நகல் என்னிடம் இருப்பது ஓனருக்குத் தெரியும். தொற, தொற என்றார். லேப்டாப்பை எடுத்து வைத்தேன். திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஒரே மகன் அந்தப் படகில் இருந்தான்.

"நீதானம்மா பூட்டுன. நீயே தொற."

"பூட்டு என்னுதும்மா. சாவி அவரு மனசுல கீது."

"யாரு வோணா உள்ள பாக்கலாம், ஒளிவுமறைவு இல்லாத சாப்ட்டுவேருன்னு மார்க்கெட்ல நோட்டீஸ் குட்த்தியே. அப்போ பாரும்மா. உள்ள பாரு."

அந்தக் கேள்வியை வேறு நாளில் யாராவது கேட்டிருந்தால் குதித்து எழுந்து பதில் சொல்லியிருப்பேன். பூட்டு எப்படிச் செய்தது என்பதை உலகமே பார்க்கலாம், பார்த்த பிறகும் சாவியில்லாமல் திறக்க முடியாது, அதுதான் நல்ல பூட்டு என்று. அன்றைக்கு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"செஞ்சவங்களுக்குன்னு ரகசியமா ஒரு வழி வச்சிருப்பாங்களே?" என்றார் ஓனர்.

"இல்ல நைனா. இதுல இல்ல."

இல்லாததால்தான் அந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். போலீசுக்கென்று இரண்டாவது ஓட்டை போட்டால் அதில் திருடனும் நுழைவான் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்பவள் நான். இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு ஓட்டைக்காக என் தாலியைக்கூடக் கழற்றிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்து, நினைத்த மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஊகித்துப் போட ஆரம்பித்தேன். அவருக்குப் பிடித்த மீன்கள். பிள்ளை பெயர். குலசாமி. கோபம் வந்தால் சொல்லும் கெட்ட வார்த்தைகள், அதையும் அத்தனை பெண்கள் முன்னால் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அது யோசித்து யோசித்துத்தான் தவறு என்று சொல்லும். திருடன் வேகவேகமாகச் சொற்களைப் போட்டுப் பார்க்கக் கூடாதென்று அந்தத் தாமதத்தை நானே கூட்டி வைத்திருந்தேன். சின்ன வட்டம் திரையில் சுற்றும். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். தவறு. மறுபடி வட்டம். தவறு. ஒரு பெண் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, குளிர்ந்தது. வேர்த்துக்கொண்டே குளிர்ந்தது. இந்த மனுஷன் என் பேச்சைக் கேட்டு நல்ல கடவுச்சொல்லாகத்தான் வைத்திருப்பார், ஊகித்துக் கண்டுபிடிக்கவே முடியாது என்று எனக்குப் புரிந்தது.

லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினேன். பெண்களும் கூடவே வந்தார்கள். ஷேர் ஆட்டோக்காரர் காசு வாங்காமல் இறக்கிவிட்டார். கரை சேர்ந்த படகுகளை டிரைவர்கள் கயிறு கட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். காற்று ஆளைத் தள்ளியது. ஐஸ் உடைக்கும் இடத்துக்கு முன்னால் நின்று கேட்டேன்.

"அவரு எங்க வல விடுவாருன்னு யாருக்காச்சும் தெர்யுமா?"

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் கயிற்றைப் பார்த்தார், ஒருவர் வானத்தைப் பார்த்தார். தெரியும் என்று சொன்னால் சொன்னவரும் திருட்டுத்தனமாக அங்கே போனார் என்று ஆகும். அவரும் பெட்டியின் வயரைப் பிடுங்கினார் என்று ஆகும். பக்கத்திலேயே ஓனர்கள் நிற்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. பயத்துக்குள்ளிருந்து வரும் கோபத்துக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை.

"தெர்யாதா? நெஜமா தெர்யாதா? அவன் படகு நம்பர போன்ல போட்டுப் போட்டு நோண்டினீங்களே, அப்போ தெரிஞ்சிதில்ல? உங்களுக்குப் பயந்துதான்யா அத்த அணச்சான்! அவன் செத்தா உங்க பாயிண்ட்டோட கூடவே வச்சிப் பொதைங்க!"

கத்தி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. மீன் விற்கும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஒருவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தார். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே படகில் தொழில் கற்றவர்கள். எங்கள் கல்யாணத்தில் பந்தியில் ஓடியோடிப் பரிமாறியவர். ஒரு பாயிண்ட்டை யார் முதலில் கண்டுபிடித்தது என்று தகராறாகி, அடிதடியாகி, வருஷக்கணக்கில் பேச்சில்லை. தெருவில் என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"உள்ள வா தங்கச்சி" என்றார்.

அவர் படகின் டிரைவர் அறைக்குள் போனோம். ஜி.பி.எஸ். மெஷினைப் போட்டார். கதவைச் சாத்தப் போனவர், என்ன நினைத்தாரோ, அதை விரியத் திறந்து வைத்தார். வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்களைப் படித்தார்.

"எழுதிக்கோ. பழவேற்காட்டுக்கு வெளில, வடக்கால. அங்கதான் வல விடுவான். அவன் வராத நாள்ல நான் போவேன். நான் போறது அவனுக்கும் தெர்யும்னுதான் நெனைக்கறேன்."

வடக்கே. தேடப் போகிறவர்களோ தெற்கே. அவசரத்தில் எண்களைத் தப்பாக அடித்தேன். அவர் பொறுமையாகத் திரும்பச் சொன்னார். அதற்குள் இன்னொரு டிரைவர் வாசலில் வந்து நின்று, "அங்க இல்லன்னா இத்தயும் பாக்கச் சொல்லு" என்று தன்னுடைய ஒன்றைச் சொன்னார். பிறகு இன்னொருவர். ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பாயிண்ட்டுகளைச் சத்தமாகச் சொன்னார்கள், ஓனர்கள் காதில் விழ. நான் இத்தனை காலம் கெஞ்சிக் கேட்ட வரைபடம் என் போனில் நிரம்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு துளி சந்தோஷம் இல்லை. நேரமாகிறதே, நேரமாகிறதே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓனர் எல்லாவற்றையும் வாங்கி, தேடப் புறப்பட்டவர்களுக்கு அனுப்பினார்.

அன்றைய இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

காலையில் தகவல் வந்தது. என் வீட்டுக்காரரின் பழைய கூட்டாளி சொன்ன பாயிண்ட்டிலிருந்து நீரோட்டம் இழுத்த பக்கம் கொஞ்ச தூரத்தில் படகு மிதந்துகொண்டிருந்ததாம். புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டு நின்றுபோயிருக்கிறது. அலை உள்ளே ஏறி பேட்டரி முழுகியிருக்கிறது. என் வீட்டுக்காரர் வயரை மறுபடி சொருகிப் பார்த்திருக்கிறார், பெட்டி வேலை செய்யவில்லை. எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மீன் விற்கும் அம்மா மகனை முதுகில் நாலு சாத்துச் சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னிடம் நடந்து வந்தார்.

"யாரு சொன்னது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன்.

"பேமானி. எனக்கு அப்பவே தெர்யும்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த சில நாட்களில் டிரைவர்கள் ஒவ்வொருவராக என் கடைக்கு வந்தார்கள். சார்ஜர் வாங்க வந்த மாதிரி நிற்பார்கள். "தங்கச்சி, அன்னிக்கு சொன்னத அழிச்சிட்டியா?" என்பார்கள். அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். ஓனர் போனையும் வாங்கி, அதிலிருந்தும் அழித்தேன். ஓர் உயிருக்காகக் கொடுத்ததை எடுத்து ஊருக்கு விரிக்க எனக்கு என்ன உரிமை? எல்லாவற்றையும் திற என்று கத்துகிறவள்தான் உட்கார்ந்து அழித்தேன். ஆனால் என் வீட்டுக்காரரின் பாயிண்ட்டைக் காது கொண்ட எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அங்கே இப்போது சந்தைக் கூட்டம் போலப் படகுகள் நிற்கின்றனவாம். அவர் வேறொன்றைத் தேடிப் பிடித்தார். வயரைப் பிடுங்காதே என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

"படகு மூக்குல பாஸ்வேர்டு கீற வரைக்கும் புடுங்கத்தான் செய்வேன்" என்றார். பிறகு அவரே கேட்டார். "ஏன் மே, ரெண்டு சாவி போட்டாத்தான் தொறக்கும்ற மாதிரி ஒரு பூட்டு கீதா?"

இருக்கிறது. அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும், திறக்க மட்டும் சாவி வேண்டும். கடலுக்குப் போகுமுன் அவர் எங்கே போகிறார் என்பதை லேப்டாப்பில் எழுதி, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பூட்டை அமுக்கிவிட்டுப் போகலாம். ஒரு சாவி உனக்கு என்றார். இன்னொன்று யாருக்கு என்றேன். பேச்சில்லாத அந்த மனுஷருக்கு என்றார்.

"உன்ன நம்பினா நீ ஊருக்குக் குடுத்துருவ. அவன நம்பினா மீன அள்ளிகினு பூடுவான். ரெண்டு பேருக்கும் ஒண்ணா பயம் வந்தா மட்டும் தொறங்க."

அவரைக் கூப்பிட்டு அனுப்பினோம். கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு விரலால் தன் கடவுச்சொல்லைத் தட்டினார். நானும் என் வீட்டுக்காரரும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றோம். அவர்கள் இருவரும் அன்றைக்கும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

இதை நான் எழுதுவது ஏன் என்றால், இவர் போய் இன்று மூன்றாம் நாள், புள்ளி நேற்றே அணைந்துவிட்டது. எச்சரிக்கை ஒன்றும் இல்லை, வழக்கமான அணைப்புத்தான் என்று எனக்கே நூறு தரம் சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் கடை வாசலில் நிழல் தட்டியது. இன்னொரு சாவிக்காரர். கையில் நல்ல சார்ஜர் ஒன்று, ரிப்பேர் என்று நீட்டினார்.

"வந்துட்டானா?"

"இன்னும் இல்லண்ணா."

தெருவில் கண்டெய்னர் லாரிகள் போகும் வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"பயமா கீதா தங்கச்சி?"

ஆமாம் என்று சொன்னால் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் இந்தப் புதுப் பாயிண்ட்டும் போய்விடும்.

"இல்லண்ணா. உங்களுக்கு?"

"எனக்கு இன்னாத்துக்கு பயம்?" என்றார். ஆனால் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் போன் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.